குவியலின் கணக்கு

போகிக்கு முந்தின நாள் வரை என் மேசையின் இடது மூலையில் ஒரு சாண் உயரத்துக்குக் காகிதக் குவியல் இருந்தது. சொத்து வரி ரசீது, பாதியில் நிற்கும் கட்டுரை, பல் மருத்துவரின் சீட்டு, ஜிகினா ஓரம் வைத்த கல்யாணப் பத்திரிகை, எல்லாம் அதற்குள்தான். யார் எதைக் கேட்டாலும் கையை விட்டு உருவிக் கொடுத்துவிடுவேன். போகியன்று வீட்டார் நச்சரிப்புக்குப் பணிந்து அத்தனையையும் தலைப்பு வாரியாகக் கோப்புகளில் போட்டேன். மேசை பளிச்சென்று ஆனது. மாட்டுப் பொங்கலன்று பல்வலி. சீட்டைத் தேடியே ஒரு மணி நேரம் போயிற்று. அது ‘மருத்துவம்’ கோப்பிலா, ‘செலவு’ கோப்பிலா, ‘இதர’வுக்குள்ளா?

அந்தக் கடுப்பில்தான் குவியலைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். கணினி அறிவியலில் அதற்கென்று ஒரு தேற்றமே இருக்கிறது.

நூறு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டி வேண்டியதை எடுக்கிறோம். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப எங்கே வைப்பது? எடுத்த இடத்திலேயா, அகர வரிசைப்படியா? எங்கேயும் தேட வேண்டாம், மேலேயே போடு என்பது சோம்பேறியின் விதி. டேனியல் ஸ்லீட்டர், ராபர்ட் டார்ஜன் இருவரும் 1985இல் அந்த விதியைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இன்னின்ன தாள் இன்னின்ன வேளையில் தேவைப்படும் என்று முன்கூட்டியே அறிந்த ஒரு ஜோசியர், அதற்கேற்ப அடுக்கை மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அவருக்கு ஆகும் உழைப்பைப் போல இரண்டு மடங்கைச் சோம்பேறியின் உழைப்பு தாண்டாது என்று நிரூபித்தார்கள். எதிர்காலம் தெரியாதவனுக்கு இது பெரிய சலுகை.

அந்த நிரூபணம் ஒருபுறம் இருக்க, நம் பழக்கமும் இந்த விதிக்குச் சாதகம். இன்று தொட்டதை நாளையும் தொடுவோம். ஆறு மாதம் தொடாததை நாளைக்கும் தொட மாட்டோம். கணினியின் கேஷ் நினைவகத்திலும் இடம் போதாதபோது நெடுநாள் தொடப்படாததை வெளியே தள்ளுவது வழக்கமான உத்தி. குவியலில் அந்த வேலையை யாரும் செய்ய வேண்டியதில்லை. எடுத்ததை மேலே போடப் போட, வேண்டாதது தானாகவே அடியில் இறங்குகிறது.

ஜப்பானியப் பொருளியலாளர் யுகியோ நொகுச்சி குவியலைப் படுக்கையிலிருந்து எழுப்பி நிற்க வைத்தார். 1993இல் வந்த அவரது புத்தகம் சொல்லும் முறை இது: ஒவ்வொரு விவகாரத்துக்கும் ஒரு பெரிய உறை, ஓரத்தில் தேதியும் தலைப்பும், அவ்வளவுதான். உறைகளை அலமாரியில் வரிசையாக நிறுத்த வேண்டும். எதை எடுத்தாலும் திரும்ப இடது ஓரத்தில் செருக வேண்டும். வகை பிரிக்கவே கூடாது. சில மாதங்களில், தீண்டப்படாத உறைகள் வலது கோடியில் ஒதுங்கிக் கிடக்கும். போகிக்கு எதைக் கொளுத்தலாம் என்று யோசிக்கவே வேண்டாம்.

இதோடு நிறுத்தினால் என் கட்சி ஜெயித்துவிடும். அதற்கு ஆதரவாக இன்னொன்றும் உண்டு. ஸ்டீவ் விட்டேக்கர், ஜூலியா ஹிர்ஷ்பெர்க் இருவரும் ஏடி அண்ட் டி ஆய்வகம் இடம் மாறிய சமயத்தில் அங்கிருந்தவர்களின் காகிதங்களை ஆராய்ந்து 2001இல் எழுதினார்கள். கோப்பில் போடுகிறவர்கள்தாம் அதிகம் சேர்த்து வைத்திருந்தார்கள், அதைக் குறைவாகவே திறந்தும் பார்த்தார்கள். தாளுக்கு மதிப்பு உண்டா என்று தெரிவதற்கு முன்பே அதைக் கோப்பில் போட்டுவிடுகிறார்கள். போட்டதை எறிய மனம் வருவதில்லை.

ஆனால் கண்ணுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஜிகினா ஓரம் குவியலிலிருந்து கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், எழுதிக்கொண்டிருக்கும் வரியை விட்டுவிட்டு மொய் எவ்வளவு எழுதலாம் என்று மனம் போய்விடும். கண்முன் இருப்பவை ஒவ்வொன்றும் மூளையின் பார்வைப் பகுதியில் போட்டி போடுகின்றன. ஒன்றின் பதிவை மற்றொன்று அமுக்கப் பார்க்கிறது. கவனம் என்பது நடுவில் நின்று, வேண்டாதவற்றைத் தள்ளிவிடும் வேலை. ஸ்டெஃபனி மெக்மெய்ன்ஸ், சபீன் காஸ்ட்னர் இருவரும் 2011இல் மூளை ஸ்கேன் வழியே காட்டிய நுணுக்கம் ஒன்று எனக்குப் பிடித்தது. பார்க்கும் வடிவங்கள் சேர்ந்து ஒரே பொருளாகத் தோன்றினால் போட்டி குறைகிறது, கவனத்துக்கும் வேலை மிச்சமாகிறது. அவர்கள் காட்டியது திரையில் சில வடிவங்களைத்தான், யாருடைய மேசையையும் அல்ல. இருந்தாலும் என் யூகத்தைச் சொல்கிறேன்: விளிம்பு தட்டி நேராக்கிய முந்நூறு தாள் கண்ணுக்கு ஒரே பொருள். பரப்பிக் கிடக்கும் ஏழு தாள் ஏழு பொருள்.

கைப்பேசி தனி ரகம். 2017இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டு குழு, சத்தத்தை அணைத்துக் குப்புறக் கவிழ்த்த கைப்பேசி மேசையில் இருந்தாலே நினைவுச் சோதனையில் மதிப்பெண் குறைவதாகவும், அடுத்த அறையில் விட்டு வந்தவர்களே மேல் என்றும் சொன்னது. பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்த எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. நான் சமையலறையில் வைக்கிறேன். போய் எடுக்கச் சோம்பல், அதனால் பலன்.

குவியலுக்கு ஒரு நிஜமான குறை உண்டு: அதற்குக் கெடு தெரியாது. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை யாரும் தொடாத ரசீது அடியில் மக்கிக் கிடக்கும். தேதியோடு வரும் அந்த மாதிரித் தாள்களுக்கு மட்டும் இப்போது ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். கெடு நாளை நாள்காட்டியில் சிவப்பில் வட்டமிட்டாயிற்று.

மற்றதெல்லாம் பழையபடி குவியல்தான். காலையில் நாலு பக்கமும் தட்டி நேராக்கி, கை எட்டும் ஆனால் கண் எட்டாத இடத்தில், முதுகுப்புற ஸ்டூலில் வைக்கிறேன். பல் மருத்துவரின் சீட்டும் கிடைத்துவிட்டது. ‘கல்யாணம்’ என்ற கோப்பில் இருந்தது. இப்போது மேலிருந்து நான்காவது.