புறநகர் மாவட்டத்தில் உயர்கல்வி: ஆரஞ்சு கவுன்ட்டியின் அனுபவம்

பெருநகரங்களின் விளிம்பில் வளரும் பகுதிகளில் முதலில் வீடுகள் எழுகின்றன. பின்னர் கடைகளும் தொழிற்கூடங்களும் வருகின்றன. உயர்கல்வி நிலையங்கள் பெரும்பாலும் கடைசியாகவே வந்து சேருகின்றன. அதற்குள் ஒரு தலைமுறை மாணவர்கள் நகருக்கும் வீட்டுக்குமாக அலைந்து படித்து முடித்திருப்பார்கள்; அல்லது படிப்பையே கைவிட்டிருப்பார்கள். இந்த நிலையை முன்கூட்டியே உணர்ந்து, திட்டமிட்டு எதிர்கொண்ட பகுதிகளுள் ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஆரஞ்சு கவுன்ட்டி.

கவுன்ட்டி என்பது ஏறத்தாழ நமது மாவட்டத்துக்கு ஒப்பான நிர்வாகப் பகுதி. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குத் தென்கிழக்கே பசிபிக் கடலை ஒட்டி அமைந்த இம்மாவட்டம், பெயருக்கேற்ப ஒரு காலத்தில் ஆரஞ்சுத் தோப்புகள் நிறைந்ததாக இருந்தது. 1950-ல் 2.16 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1960-ல் 7.04 லட்சமாகவும், 1970-ல் சுமார் 14.2 லட்சமாகவும் பெருகியது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 31.9 லட்சம். இருபதே ஆண்டுகளில் ஆறு மடங்குக்கு மேல் பெருகிய மக்களின் பிள்ளைகள் எங்கே படிப்பது என்ற கேள்வி மாநில அரசின் முன் எழுந்தது.

மூன்று படிகள்

இதற்கு விடையாக அமைந்தது 1960-ஆம் ஆண்டின் கலிபோர்னியா உயர்கல்விப் பெருந்திட்டம். அப்போது கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர் இதன் முதன்மைச் சிற்பியாகக் கருதப்படுகிறார். பள்ளியிறுதித் தேர்ச்சி பெறுவோரில் தகுதி வரிசையில் முதல் எட்டில் ஒரு பங்கினர் ஆராய்ச்சியில் முதன்மை பெற்ற கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியவர்கள்; ஏனைய யாவருக்கும் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளின் கதவு திறந்திருக்கும் என்பது ஏற்பாடு. வடிகட்டும் திட்டம் என்று இதைக் குறை கூறியவர்களும் உண்டு. ஆனால் திட்டத்தின் உயிர்நாடி வேறொரு விதியில் இருந்தது. கீழ்ப்படியில் சேர்ந்தவர் ஈராண்டு நன்கு படித்தால், மேற்படியின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். இதற்கு இடம் விடும் பொருட்டு, பல்கலைக் கழகங்களில் முதலிரு ஆண்டு மாணவர்கள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்படலாகாது என்றும் வகுக்கப்பட்டது.

இம்மூன்று படிகளும் ஆரஞ்சு கவுன்ட்டியில் உள்ளன. ஃபுல்லர்ட்டன் நகரில் 1957-ல் சட்டப்படி தோற்றுவிக்கப்பட்ட மாநிலக் கல்லூரி, 1959-ல் ஓர் உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறைகளை வாடகைக்குப் பெற்று 452 மாணவர்களுடன் தொடங்கியது. இன்று அது கலிபோர்னியா மாநிலப் பல்கலைக் கழகத்தின் ஃபுல்லர்ட்டன் வளாகம். மாணவர் தொகை 40,000-க்கும் அதிகம்.

கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 1965-ல் பாடங்கள் தொடங்கின. (பெயரில் ஒத்திருந்தாலும் இரண்டும் வெவ்வேறு அமைப்புகள்.) இதற்கான 1,000 ஏக்கர் நிலத்தை இர்வைன் நிறுவனம் ஒரு டாலர் விலைக்கு அளித்தது. பொருளாதாரம் பயின்றவன் இதை வெறும் கொடை என்று கொள்ள மாட்டான். வளாகத்தைச் சுற்றிலும் அந்நிறுவனத்துக்கே பல்லாயிரம் ஏக்கர் நிலம் இருந்தது. பல்கலைக் கழகம் வந்தால் அந்நிலத்தின் மதிப்பு உயரும் என்பதை அது அறிந்திருந்தது. ஆயினும் பொதுநலனும் தனிநலனும் ஒரே திசையில் சென்ற இவ்வேற்பாடு பயன் தந்தது. வளாகம் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆன 1995-ல், அங்கு பணிபுரிந்த இருவர், வேதியியலில் ஷெர்வுட் ரோலண்டும் இயற்பியலில் ஃபிரெடரிக் ரைன்ஸும், ஒரே ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

எனினும் மாவட்டத்தின் அடித்தளம் சமுதாயக் கல்லூரிகளே. ஃபுல்லர்ட்டன் கல்லூரி 1913-லும் சாந்தா ஆனா கல்லூரி 1915-லும் தோன்றியவை. அவற்றையும் சேர்த்து இன்று ஒன்பது கல்லூரிகள் நான்கு கல்லூரி வட்டாரங்களின்கீழ் இயங்குகின்றன. வட்டாரக் குழுவினரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். 1976-ல் தொடங்கிய கோஸ்ட்லைன் கல்லூரி, பெரிய வளாகம் எழுப்பாமல், ஊர்தோறும் கிடைத்த இடங்களிலும் தொலைக்காட்சி வழியாகவும் பாடம் நடத்தியது. பகலில் வேலைக்குச் செல்வோர்க்கும், 1975-க்குப் பின் வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்து வெஸ்ட்மின்ஸ்டர், கார்டன் குரோவ் பகுதிகளில் குடியேறியோர்க்கும் இத்தகைய கல்லூரிகள் உயர்கல்வியின் முதல் வாயிலாயின.

செலவும் கணக்கும்

வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுதும் நடந்தால் அது ஏறத்தாழ ஓர் அலகு. ஈராண்டுப் படிப்புக்கு 60 அலகுகள், பட்டத்துக்கு 120. சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசிகளுக்கு 1984 வரை கல்விக் கட்டணமே இல்லை. சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்த 1978-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் முன்மொழிவு வருவாயைக் குறைத்த பின்னர், அலகுக்கு 5 டாலர் என்று கட்டணம் தொடங்கியது. 2012 முதல் அது 46 டாலர். 60 அலகுகளுக்கு 2,760 டாலர். நான்காண்டுப் பல்கலைக் கழகங்களிலோ, ஆரஞ்சு நகரிலுள்ள சாப்மன் போன்ற தனியார் பல்கலைக் கழகத்திலோ இதே ஈராண்டுக்கு ஆகும் கட்டணம் இதைப்போல் பல மடங்கு. வெளிநாட்டு மாணவர்க்கு இச்சலுகைக் கட்டணம் இல்லை என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

குறைந்த செலவில் பெற்ற அலகுகள் அடுத்த நிலையத்தில் கணக்கில் கொள்ளப்பட்டால்தான் அச்சிக்கனம் உண்மையாகும். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக் கழகத்தில் எதற்கு ஈடாகும் என்ற பட்டியல் ‘அசிஸ்ட்’ என்ற பெயரில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளது. 2010-ஆம் ஆண்டின் சட்டப்படி, மாற்றத்துக்கென வகுத்த ஈராண்டுப் பட்டம் பெற்றவர்க்கு மாநிலப் பல்கலைக் கழக அமைப்பில் ஓரிடம் உறுதி. உரிய மதிப்பெண்ணும் பாடங்களும் உடைய சமுதாயக் கல்லூரி மாணவர்க்கு, பல துறைகளில் முன்கூட்டியே இட உறுதி தரும் ஏற்பாடு இர்வைனிலும் உண்டு.

ஏட்டுக்கும் நடப்புக்கும் இடையில்

இனி மறுபக்கம். மாற்றம் பெறும் நோக்கத்துடன் 2017-க்கும் 2019-க்கும் இடையில் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களுள், நான்கு ஆண்டுகளில் மாற்றம் பெற்றோர் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே என்று மாநிலத் தணிக்கையாளர் 2024-ல் அறிவித்தார். இக்கணக்கு மாநிலம் முழுவதற்குமானது. காரணங்கள் பல. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் அலகு சேராத அடிப்படைப் பாடங்களையே பருவம் பருவமாகப் படித்துச் சலித்து நின்றவர்கள் பலர். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. ஒரே பாடத்துக்குக் கல்லூரிதோறும் வெவ்வேறு எண் இருந்ததால் விளைந்த குழப்பத்தை நீக்க, பொதுவான பாட எண் முறையை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. இத்தனை சிறிய நிர்வாக விவரம் அறுபது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது வியப்பே.

மேலே கூறிய உறுதியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. உறுதி செய்யப்படுவது அமைப்பில் ஓரிடமேயன்றி ஃபுல்லர்ட்டனில் இடம் அன்று. தாய் தந்தையருடன் தங்கி, மாலையில் வேலை பார்த்துப் படிக்கும் சாந்தா ஆனா மாணவிக்கு நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் இடம் கிடைத்தால், அவளுக்கு அது இடமே அன்று. இக்குறையைத் தணிக்கும் சிறு முயற்சியாக, 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சில சமுதாயக் கல்லூரிகள் குறிப்பிட்ட தொழில்களில் நான்காண்டுப் பட்டமே வழங்க இசைந்தது. சாந்தா ஆனா கல்லூரியும் சைப்ரஸ் கல்லூரியும் அவற்றுள் அடங்கும்.

அலகுகள் எண்ணப்படாவிட்டால் நேரும் இழப்புக்கும் இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. சாந்தா ஆனாவைத் தலைமையிடமாகக் கொண்டு, இலாப நோக்கில் நாடெங்கும் கல்லூரிகள் நடத்திய கொரிந்தியன் நிறுவனம் 2015-ல் மூடப்பட்டது. கடன் பெற்றுப் படித்தவர்களிடம் பிற கல்லூரிகள் எளிதில் ஏற்காத அலகுகளும், தீராக் கடனுமே எஞ்சின. அவர்களுள் 5.6 லட்சம் பேரின் 580 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்வதாக மத்திய அரசு 2022-ல் அறிவித்தது. கடன் தீர்ந்தாலும் போன ஆண்டுகள் திரும்பா.

நமது நாட்டில்

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பல நிலைகளில் சேரவும் விலகவும் இடமளிக்கிறது. பல்கலைக் கழக மானியக் குழு 2021-ல் வகுத்த கல்வி அலகு வங்கி விதிகள், ஒரு நிலையத்தில் பெற்ற அலகுகளைச் சேமித்து வேறொன்றில் பயன்படுத்த வழி செய்கின்றன. சேமிப்புக்கு வழி உண்டாயிற்று. அதை ஏற்கும் இடம் எது என்பதே இனிக் காண வேண்டியது. பட்டயப் படிப்பு முடித்தவர்கள் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக உள்ளது. அவர்களுக்கென இடங்களும் ஒதுக்கப்படுகின்றன. கலை, அறிவியல் கல்லூரிகளில் அத்தகைய ஒதுக்கீடு பரவலாக இல்லை. நொய்டாவிலோ ஃபரிதாபாதிலோ ஒரு சிறு கல்லூரியில் ஓராண்டு முடித்து, வேலை காரணமாகக் குடும்பத்துடன் இடம் பெயரும் மாணவருக்கு, அலகுச் சான்று கையில் இருந்தும், இரண்டாம் ஆண்டில் காலியிடம் உண்டா என்று கல்லூரி கல்லூரியாகக் கேட்டுத் திரிய வேண்டிய நிலை இருக்கிறது. மாநில உயர்கல்வித் துறைகள் கல்லூரிவாரியாக இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் காலியிடங்களையும், பாட ஈடுகளையும் ஆண்டுதோறும் சேர்க்கைக்கு முன்பே வெளியிட்டால், அதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவைப்படாது.