பலகை மாறாமல் மாறிய கடை

கடைகள் பெயரையும் நிறத்தையும் மாற்றிக்கொள்வது இலங்கையில் புதிதல்ல. கூட்டுறவு மொத்த விற்பனை நிலையத்தின் சதொச, 2005இல் 'லங்கா சதொச' என்ற கம்பனியானது. 2018இல் 'கீல்ஸ் சுப்பர்' பின்னொட்டைக் கழற்றிவிட்டு, பச்சை உடுத்தி வெறும் 'கீல்ஸ்' ஆனது. மலைநாட்டில் எல்லோருக்கும் பழக்கமான இன்னொரு பெயர் இதற்கு நேர்மாறு. கார்கில்ஸில் முதலாளி மாறினார், சரக்கு மாறியது, வாசலில் நுழையும் ஆட்களும் மாறினார்கள். பெயரை மட்டும் யாரும் தொடவில்லை.

வில்லியம் மில்னும் டேவிட் சைம் கார்கிலும் 1844இல் கண்டியில் தொடங்கிய கடை அது. அப்போது மலையெங்கும் கோப்பி. தேயிலை வருவதற்கு இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. சீமைச் சரக்கு துரைமாருக்கும் துரைசானிமாருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளருக்கோ தோட்டமே அரிசியை அளந்து கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. கடைக்குப் போகக் கையில் காசு மிஞ்சினால்தானே!

1981இல் சிலோன் தியேட்டர்ஸ் கார்கில்ஸைக் கைப்பற்றியது. சினிமாக் கம்பனி மளிகைக்கு வந்தது ஒரு விந்தை என்றால், வெள்ளைக்காரப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டது இன்னொன்று. 1983இல் கொழும்பில் திறந்த முதல் சுப்பர்மார்க்கெட்டுக்கும் 'கார்கில்ஸ் ஃபூட் சிட்டி' என்றே பெயர். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். ஃபுட்வேர்ல்ட் சுப்பர்மார்க்கெட்டுகளை நடத்திய கூட்டு பிரிந்தபோது, ஆர்பிஜி குழுமம் தன் பங்குக்கு வந்த கடைகளில் மாட்டியது பழைய மெட்ராஸ் கம்பனியான ஸ்பென்சர்ஸின் பெயரை. சுதந்திரம் வாங்கியும் சீமைப் பெயருக்கு இருக்கும் மவுசு குறையவில்லை.

உண்மையான மாற்றம் பலகையில் இல்லை, கொள்முதலில் இருந்தது. நுவரெலியா மாவட்டத்தின் ஹங்குராங்கெத்தவில் 1999இல் கார்கில்ஸ் மரக்கறிச் சேகரிப்பு நிலையம் திறந்தது. தரகர் கைமாறிக் கொழும்புச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த மரக்கறியை விவசாயியிடமே தரம் பார்த்து, நிறுத்து வாங்கத் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் சீமைச் சரக்கை மலைக்கு ஏற்றிய கடை, மலையின் விளைச்சலைக் கீழே இறக்குகிறது. எந்த லோகோ மாற்றமும் இதற்கு ஈடில்லை.

இன்று நுவரெலியாவிலும் ஹட்டனிலும் ஃபூட் சிட்டி இருக்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணும் கூடையைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாயைத் தொட்டது. 2024இல் 1,350 ஆனது. பில் போடும் மெஷினுக்குக் கடன் தெரியாது. மாத நடுவில் பருப்பும் கருவாடும் தீர்ந்துபோன லயத்து வீட்டுக்கு, கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் கொடுக்கிற தோட்டத்துக் கடைதான் கைகொடுக்கிறது. டவுன் ஃபூட் சிட்டிக்குப் போவது பெரும்பாலும் சம்பளம் போட்ட பிறகு, பால்மாவோ சவர்க்காரமோ கழிவு விலையில் கிடைக்கிற நாளில்.