தொலைவில் ஒரு படி

பிறப்பு, இறப்பு, நிலவுரிமை எனக் குடிமக்களின் வாழ்வைச் சான்றுரைக்கும் பதிவுகள் இன்று கணினிக்குள் குடியேறிவிட்டன. அவற்றைத் தாங்கும் வழங்கிகள் செயல்படும் முறையையும், பழுதுற்றால் அவை மீளும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

ஒரு கணினியைப் பல கணினிகள்போல் இயங்கச் செய்வது மெய்நிகராக்கம் எனப்படும். 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணினிகளில் இம்முறையைக் கையாளத் தொடங்கியது. ஹைப்பர்வைசர் என்னும் மேலாண்மை மென்பொருளே நினைவகத்தையும் சேமிப்பிடத்தையும் பங்கிடுகிறது.

64 ஜி.பி. நினைவகம் உடைய வழங்கியில் 8 மெய்நிகர்க் கணினிகளுக்குத் தலா 12 ஜி.பி. ஒதுக்குவதாகக் கொள்வோம். மொத்த ஒதுக்கீடு 96 ஜி.பி. ஆகிறது, இருப்பதோ 64. அனைத்தும் ஒரே நேரத்தில் முழுப்பங்கையும் கேட்பதில்லை என்னும் நம்பிக்கையில்தான் இவ்வாறு ஒதுக்குகின்றனர். எழுத்தில் உள்ள நீருக்கும் வாய்க்காலில் வந்து சேரும் நீருக்கும் உள்ள வேறுபாட்டைக் காவிரிக் கடைமடையாகிய காரைக்கால் உழவர் நன்கறிவர். பற்றாக்குறை நேரும்போது, மெய்நிகர்க் கணினிக்குள் இருக்கும் 'பலூன்' என்னும் சிறுநிரல் விரிந்து நினைவகத்தைப் பற்றிக்கொள்ளும். அக்கணினியின் இயங்குதளம் தனக்கு உடனடித் தேவையற்ற பகுதிகளை விட்டுக்கொடுக்கும். அவ்விடம் பிற கணினிக்குச் செல்லும். அதுவும் போதாதெனில் வட்டு நினைவகமாகப் பயன்படும். அப்போது வேகம் பெரிதும் குன்றும்.

மெய்நிகர்க் கணினியின் வட்டு உண்மையில் ஒரு கோப்பே. ஆகவே அதனைப் படியெடுப்பது எளிது. 'ஸ்னாப்ஷாட்' எடுத்தபின் நிகழும் மாற்றங்கள் தனிக்கோப்பில் எழுதப்படும். வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம். இதனையே காப்புப்படி என எண்ணுவோர் பலர். மூலக்கோப்பு அழிந்தால் ஸ்னாப்ஷாட்டும் பயனற்றுப்போகும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

காப்புப்படி எங்கே இருக்கிறது என்பதும் முதன்மையானது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையில் நூற்றுக்கணக்கானோரின் உயிரைப் பறித்தது. அத்தகைய நாளில், மூலமும் படியும் ஒரே கட்டடத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே அழியும். எனவே ஒரு படியேனும் வேறூரில் இருத்தல் வேண்டும்.

இவ்வறிவு கணினிக்கு மூத்தது. 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளில் ஒரு படியைப் பிரான்சுக்கு அனுப்பவேண்டுமென 1776இல் பதினாறாம் லூயி மன்னர் ஆணையிட்டார். வெப்பமும் ஈரமும் பூச்சிகளும் தாளை அரித்துவிடும் என்பது அன்றைய கவலை. காரைக்காலின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் இன்றும் எய்க்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகர ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பிரெஞ்சுக் குடியுரிமையை மெய்ப்பிக்க முயலும் குடும்பங்களுக்குப் பாட்டனாரின் ஒருவரிப் பதிவே சான்றாகிறது.

அன்று, ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் இடையே எழுதப்பட்டவற்றுக்குத் தொலைவில் படி இல்லை. இன்றும் இரு காப்புப்படிகளுக்கு இடைப்பட்ட காலமே இழப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. இரவுக்கு ஒருமுறை படியெடுக்கும் அலுவலகம் ஒருநாள் பதிவுகளை இழக்கக்கூடும். பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை எடுப்பது அப்பதினைந்து நிமிடப் பதிவுகளையே இழக்கும்.