ஆம்ஸ்டர்டாமும் பழவேற்காடும்

ஊர் பல காண்டல் அறிவை வளர்க்கும் வழிகளுள் ஒன்றாகும். ஆயினும், கண்ணாற் காண்பது மட்டுமே காட்சியன்று. ஒரு மாளிகையைக் கண்டவர் அதன் உயரத்தையும் அழகையும் வியந்து திரும்பலாம். அம்மாளிகை எவர் உழைப்பால் எழுந்தது, அதற்குரிய பொருள் எங்கிருந்து வந்தது என்று வினவுபவரே அதனை முழுவதும் கண்டவராவர். இவ்வுண்மையை விளக்குதற்கு ஐரோப்பாவிலுள்ள ஆம்ஸ்டர்டாம் நகரம் ஏற்ற சான்றாகும். அந்நகரின் வரலாற்றில் ஒரு பகுதி நம் திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில் நிகழ்ந்ததாதலின், அது நாமும் அறியத்தக்கதாகும்.

ஆம்ஸ்டர்டாம் நெதர்லாந்து நாட்டின் தலைநகரம். ஆம்ஸ்டல் என்னும் ஆற்றின் குறுக்கே கட்டப்பெற்ற அணையே அதற்குப் பெயர் தந்தது. உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் ஆண்டுதோறும் அந்நகரைக் காணச் செல்கின்றனர். சென்றோர் முதலில் விரும்பிக் காண்பன அதன் கால்வாய்களே. 1613ஆம் ஆண்டில் தொடங்கி, நகரைச் சூழ அரைவட்டம் அரைவட்டமாக இக்கால்வாய்கள் வெட்டப்பட்டன. படகில் ஏறிச் செல்வோர், இரு கரைகளிலும் ஒடுங்கிய முகப்புடைய உயர்ந்த வீடுகள் நெருங்கி நிற்பதைக் காண்பர். அவ்வீடுகள் பலவற்றின் உச்சியில் ஓர் உத்தரம் வெளியே நீண்டிருக்கும். அதன் முனையிலுள்ள கொக்கியில் கப்பியையும் கயிற்றையும் மாட்டிச் சரக்கு மூட்டைகளை மேல்மாடிக்கு ஏற்றினர். வணிகர் பலர்க்கு வீடே பண்டசாலையாகவும் விளங்கிற்று. இக்கால்வாய்ப் பகுதி 2010ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

நகரின் நடுவிலுள்ள சதுக்கத்தில் அரண்மனை ஒன்று நிற்கின்றது. அது 17ஆம் நூற்றாண்டில் நகர மன்றமாகக் கட்டப்பெற்றது. அந்நிலம் சேறு நிறைந்ததாதலின், 13,659 மரத்தூண்களை ஆழ அறைந்து, அவற்றின்மேல் கட்டடத்தை எழுப்பினர். ஓர் ஆண்டின் நாள்களாகிய 365 என்னும் எண்ணின் முன்னே 1, பின்னே 9 சேர்த்தால் இத்தொகை கிடைக்கும். அந்நாட்டுச் சிறுவர்கள் இவ்வாறே அதனை நினைவிற் கொள்கின்றனர். உள்ளேயுள்ள பெருமண்டபத்தின் சலவைக்கல் தரையில் உலகப் படம் பதிக்கப்பட்டுள்ளது. உலகமே தம் காலடியில் உள்ளது என்று அக்கால நகரத்தார் எண்ணினர் போலும்!

1885ஆம் ஆண்டில் இப்போதுள்ள கட்டடத்தில் திறக்கப்பெற்ற தேசிய அருங்காட்சியகத்தில், ரெம்பிராண்ட் என்னும் ஓவியர் 1642ஆம் ஆண்டில் தீட்டி முடித்த ‘இரவுக் காவல்’ என்னும் பேரோவியம் உளது. துறைமுகத்தை அடுத்த கப்பற் காட்சியகத்தில், 1749ஆம் ஆண்டில் தன் முதற்பயணத்திலேயே இங்கிலாந்துக் கரையில் தரைதட்டி அழிந்த வணிகக் கப்பல் ஒன்றன் மாதிரி, அதே அளவில் செய்து நிறுத்தப்பட்டுள்ளது. அக்கப்பலின் உரிமையாளர் யாவர்? 1602ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியாரே. அக்கம்பெனியின் தலைமை மாளிகை இன்றும் ஆம்ஸ்டர்டாமில் நிற்கின்றது. இப்பொழுது அது பல்கலைக்கழகத்தின் உடைமை. இம்மாளிகையே அந்நகரை நம் கரையோடு இணைக்கின்றது.

கம்பெனியார் நாடியவை கிராம்பு, சாதிக்காய், சாதிபத்திரி ஆகிய நறுமணப் பண்டங்கள். அவை கீழைக்கடல் தீவுகளில் விளைந்தன. அத்தீவுகளின் மக்களோ, பண்டமாற்றாகச் சோழமண்டலக் கரையின் ஆடைகளையே பெரிதும் விரும்பிக் கேட்டனர். சாயவேரினின்று எடுத்த செந்நிறம் ஊட்டிய அத்துணிகளுக்குக் கடல் கடந்த நாடுகளிலும் மதிப்பிருந்தது. ஆகவே, கிராம்பு வேண்டிய ஒல்லாந்தர் முதலில் தமிழகத்து நெசவாளரிடம் வரவேண்டியவராயினர். அவ்வாறு வந்து அவர்கள் காலூன்றிய இடமே பழவேற்காடு.

தமிழ்நாட்டின் வட எல்லையில், சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் ஆரம்பாக்கம் என்னும் ஊர் உள்ளது. அதனைக் கடந்தால் ஆந்திர நாடு. அவ்வூரின் கிழக்கே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிகைக்கு அடுத்த பெருமையுடையது இது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இதன் ஆழமற்ற நீரில் இரை தேடி நிற்கும். ஏரியின் தென்முனையில், கடலோடு அது கலக்கும் முகத்துவாரத்தை அடுத்துப் பழவேற்காட்டு ஊர் உள்ளது. ஆரம்பாக்கத்திலிருந்து செல்வோர் கும்மிடிப்பூண்டி வழியாகத் தெற்கே வந்து, பொன்னேரியில் இறங்கி, கிழக்கு நோக்கிப் பேருந்தில் சென்று அவ்வூரை அடையலாம்.

1610ஆம் ஆண்டில் விசயநகர மன்னர் வேங்கடபதிராயரிடம் இசைவு பெற்று ஒல்லாந்தர் இங்கே பண்டசாலை அமைத்தனர். 1612ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் அதனைத் தாக்கினர். அதன் பின்னர், 1613ஆம் ஆண்டில் கெல்திரியா என்னும் கோட்டை கட்டி முடிக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் கால்வாய் வெட்டத் தொடங்கிய ஆண்டும் அதுவே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. சென்னை நகரம் தோன்றிய 1639ஆம் ஆண்டிற்கு அது 26 ஆண்டுகள் முந்தியது. 1690ஆம் ஆண்டில் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும்வரை, சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தர் வணிகம் முழுவதும் இக்கோட்டையிலிருந்தே நடத்தப்பட்டது. இங்கே நாணயம் அடிக்கப்பட்டது, வெடிமருந்தும் செய்யப்பட்டது. இவ்வூரின் பெயரால் வழங்கிய கைக்குட்டைத் துணிகள் ஐரோப்பாவிலும் பரவின. இன்றும் ‘பழையகாட்’ என்னும் கைலியின் பெயரில் இவ்வூரின் பெயர் நிலைத்திருக்கின்றது. 1825ஆம் ஆண்டில் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

இன்று அக்கோட்டை சிதைந்து புதர் மண்டிக் கிடக்கின்றது. அதற்கு அண்மையிலுள்ள கல்லறைத் தோட்டமோ தொல்பொருள் துறையினரால் காக்கப்படுகின்றது. அதன் வாயிலில் இரு எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. செல்வமும் இளமையும் நில்லா என்பதை உள்ளே நுழைவோர்க்கு அவை உணர்த்துகின்றன. உள்ளே வணிகர், அதிகாரிகள், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோரின் பெயர்கள் அவர்கள் மொழியிலேயே பொறிக்கப்பட்டுள்ளன.

ஆனால், கல்லில் பெயர் பெறாதார் பலர் உளர். அக்கடலோரத்திலிருந்து துணிமூட்டை மட்டுமன்றி, மனிதரும் கப்பலேற்றப்பட்டனர். 17ஆம் நூற்றாண்டில் போரும் பஞ்சமும் மக்களை வாட்டிய காலங்களில், வறியோர் பலர் தம்மையும் தம் மக்களையும் விற்கும் நிலையை எய்தினர். அவ்வாறு விலைக்கு வாங்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் படேவியா முதலிய இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். படேவியா என்பது இன்றைய சகார்த்தா. சென்றவருள் மீண்டு வந்தார் அரியர். நெய்தவர் பெயரும், விற்கப்பட்டவர் பெயரும் எக்கல்லறையிலும் இல்லை.

இவ்வுண்மையை இன்று ஆம்ஸ்டர்டாம் நகரமும் மறைக்கவில்லை. 2021ஆம் ஆண்டில் தேசிய அருங்காட்சியகம் அடிமை வணிகம் பற்றித் தனிக் கண்காட்சி அமைத்தது. அவ்வாண்டு சூலை முதல் நாளன்று, அவ்வணிகத்தில் நகரம் கொண்ட பங்கிற்காக அதன் மேயர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2023ஆம் ஆண்டில் நாட்டின் மன்னரும் அங்ஙனமே செய்தார். முன்னோர் செய்த தவற்றை ஒப்புக்கொள்வதால் ஒரு நகரின் பெருமை குன்றுவதில்லை. அது பெரியோர்க்குரிய பண்பே ஆகும்.

ஆகவே, ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க் கரையில் உலவுவோர், உச்சியில் நீண்டிருக்கும் கொக்கியைக் கண்டு வியத்தலோடு நின்றுவிடலாகாது. அதில் ஏறிய மூட்டைகளில் எவர் நெய்த துணியின் விலை அடங்கியிருந்தது என்றும் எண்ணுதல் வேண்டும். பழவேற்காட்டின் இடிந்த கோட்டையைக் காண்போர், ‘இங்குக் காண்பதற்கு ஒன்றுமில்லை’ என்று திரும்பிவிடலாகாது. தொலைவிலுள்ள அம்மாளிகைகளின் வேர் இங்கும் ஓடியிருந்ததை உணர்தல் வேண்டும். கடல் கடந்து செல்லும் வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டுவதன்று. ஆரம்பாக்கத்து மாணவர்க்கோ, அப்பெருநகரின் கதையில் பாதி ஒரு நாட் பயணத்திலேயே கிட்டுகின்றது. வினவும் நெஞ்சோடு செல்பவர்க்கு, அருகிலுள்ள ஊரும் உலகைக் காட்டும்.