கிட்டார் நெக் கையில் ஒட்டுவது ஏன்?

உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பிகள் மிக அடர்த்தி. வெக்கை மட்டுமல்ல, மேடைப் பதற்றமும் அவற்றைத் தூண்டும். அந்த ஈரம் தோலின் மேலடுக்கை இளக்குகிறது. இளகிய தோல் நெக்கின் பளபளப்பான பூச்சின் மீது இடைவெளியின்றிப் படிகிறது. தொடும் பரப்பு கூடினால் உராய்வும் கூடும். இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலமும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். பளபளப்பில்லாத சாட்டின் பூச்சில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. தோல் மேடுகளை மட்டுமே தொடுவதால் கை எளிதாக நகரும்.

எப்படிச் சமாளிப்பது? வாசிக்கும் முன் சோப்பால் கைகழுவி ஈரம் போகத் துடையுங்கள். வாசித்தபின் நெக்கைப் பருத்தித் துணியால் துடையுங்கள். அப்படியும் ஒட்டினால், நெக்கின் பின்புறத்தை 0000 எண் ஸ்டீல் உல்லால் நீளவாக்கில் லேசாகத் தேய்க்கலாம். எலெக்ட்ரிக் கிட்டார் என்றால் முதலில் பிக்கப்புகளை டேப்பால் மூடுங்கள். அவற்றின் காந்தம் இரும்புத் துகள்களை இழுத்துக்கொள்ளும். தேய்த்த பளபளப்பு எளிதில் திரும்பாது. விலைமதிப்புள்ள பழைய கிட்டாரில் கைவைக்காதீர்கள்.