வெயில் திட்டுக்குச் சொந்தக்காரன் யார்?

மாணவர்களே! மரங்கள் அடர்ந்த காட்டில் தரையைக் கவனித்திருக்கிறீர்களா? இலைகளின் இடைவெளி வழியே இறங்கும் வெயில் அங்கங்கே திட்டுத் திட்டாக விழுந்திருக்கும். அப்படி ஒரு திட்டுக்காகச் சண்டையிடும் பட்டாம்பூச்சி ஒன்று உண்டு. ஐரோப்பியக் காடுகளில் வாழும் அதற்கு 'ஸ்பெக்கிள்டு உட்' என்று பெயர்.

பழுப்பு இறக்கையில் வெளிர்மஞ்சள் புள்ளிகள். நிழலில் அமர்ந்தால் இருப்பதே தெரியாது. பெண் பூச்சி புல்லில் முட்டையிடும். புழுக்கள் அந்தப் புல்லையே தின்று வளரும். வளர்ந்த பூச்சிக்குப் பிடித்த உணவு, அசுவினிகள் இலைமேல் கசியவிடும் இனிப்புத் துளி.

வெயில் திட்டு எதற்கு? பறக்கும் தசைகள் சூடேறினால்தான் இறக்கைகள் விரைவாக அடிக்கும். ஆகவே குளிர்ந்த காட்டில் அது ஓர் இயற்கை அடுப்பு. பெண் பூச்சிகளும் அங்கே வரும். பூமி சுழல்வதால் திட்டு மெல்ல நகரும். ஆண் பூச்சியும் கூடவே நகரும்.

வேறோர் ஆண் நுழைந்தால் இரண்டும் சுற்றிச் சுற்றி மேலெழும்பும். சில விநாடிகளில் வந்தவன் விலகிவிடுவான். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அருகே வைதம் காட்டில் இதை ஆராய்ந்த டேவிஸ், 1978-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சொந்தக்காரனை அவர் வலையால் பிடித்துவைத்தார். வேறொருவன் இடம் பிடித்தான். பழையவனை விடுவித்ததும் சண்டை மூண்டது. வென்றவன் புதியவனே! 'முதலில் இருப்பவனுக்கே இடம்' என்பதுதான் விதி என்று டேவிஸ் கருதினார்.

ஆனால் 1998-இல் ஸ்டட், வில்மர் இருவரும் வேறு காரணம் கூறினர். வெயிலில் இருந்தவனின் உடல் சூடாக இருக்கிறது. அதனால் வெல்கிறான் என்றனர். இயற்பியல் படிப்பவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். எனக்கும் அப்படித்தான்! ஆயினும் 2004-இல் கெம்ப், விக்லண்ட் இருவரும் சோதித்துப் பார்த்ததில், வெற்றிக்குக் காரணம் வெப்பம் அன்று என்று கண்டனர். இயல்பிலேயே போர்க்குணம் மிகுந்த ஆண்கள் முந்தைய சண்டைகளில் வென்று வெயில் திட்டுகளில் சேர்ந்துவிடுகின்றன என்பது அவர்கள் முடிவு.

பார்த்தீர்களா? பட்டாம்பூச்சி ஒன்றுதான், காட்சியும் ஒன்றுதான், விளக்கங்களோ மூன்று! அழகான விளக்கம் என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. சோதனையே நடுவர்.

உங்கள் பள்ளித் தோட்டத்திலும் பட்டாம்பூச்சிகள் வருமல்லவா? ஒன்றை அரை மணி நேரம் கவனியுங்கள். எங்கே அமர்கிறது, வெயில் நகர்ந்தால் என்ன செய்கிறது என்று குறித்துவையுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.