டிரிப்ஸ் ஓடும்போது யார் பார்க்கிறார்கள்?

1832ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் காலரா. வாந்தியும் பேதியுமாக உடம்பின் நீரெல்லாம் வற்றி, நாடி அகப்படாமல் கிடந்தார் ஒரு மூதாட்டி. காலராவில் ரத்தம் நீரையும் உப்பையும் இழக்கிறது என்று ஓஷாக்னெசி என்ற இளம் மருத்துவர் சொல்லிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அதை நம்பி, மருத்துவர் தாமஸ் லாட்டா உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூதாட்டியின் ரத்தக் குழாய்க்குள் செலுத்தினார். ஏறத்தாழ மூன்று லிட்டர் போனதும் நாடி திரும்பியது, மூதாட்டி பேசினார். களைத்துப்போன லாட்டா, அவரை மருத்துவமனை அறுவை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போனார். பேதி மறுபடி தொடங்கியது. லாட்டாவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்துபோனார்.

ஏற்றுவது பாதி வேலைதான், கூட இருந்து பார்ப்பது மீதி என்பது அன்றே தெரிந்துவிட்டது. இன்று அந்த மீதியைச் சுமப்பவர்கள் செவிலியர்கள்.

பாட்டிலில் இருப்பது மருந்து

உடம்பு அசதியாக இருந்தால் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி விடுங்க டாக்டர்’ என்று கேட்பது நம் ஊர் வழக்கம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிக்கு மேல் தேறாது. அதே அளவு நார்மல் சலைனில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு இந்த உப்பும் நீரும் வேகமாக ஏறினால், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். வாயால் குடிக்க முடிகிற பெரும்பாலானோருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலே போதும்.

டெங்கு வார்டில்

டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசியும். அபாய அறிகுறி உள்ள குழந்தைக்கு முதலில் கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மி.லி., பிறகு 3 முதல் 5, அடுத்து 2 முதல் 3 என்று திரவத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். 20 கிலோ குழந்தைக்கு மணிக்கு 100 மி.லி. என்று மருத்துவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு சேர்ந்தால் ஒரு மி.லி. ஆக, நிமிடத்துக்கு 100 சொட்டு. செவிலியர் கடிகாரத்தைப் பார்த்தபடி சொட்டை எண்ணி, டியூபில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரோலரை நூலளவு நகர்த்தி, மறுபடி எண்ணுகிறார்.

அத்துடன் முடிவதில்லை. குழந்தை மணிக்கட்டை மடக்கினால் சொட்டு பாதியாகும். அம்மா தூக்கி மடியில் வைத்துக்கொண்டால் வேகம் மாறும். அதனால் திரும்பத் திரும்ப வந்து எண்ண வேண்டும். வரும்போதெல்லாம் நாடியைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே சுருங்கினால் அது அதிர்ச்சி நிலை. கைகால் சில்லிடுகிறதா, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, சிறுநீர் போயிற்றா என்றெல்லாம் பார்த்துக் குறிக்க வேண்டும்.

ஓரிரு நாளில் கசிவு நின்று, வெளியேறிய நீர் ரத்தக் குழாய்க்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் பழைய வேகத்திலேயே ஓடினால், அதுவரை காப்பாற்றிய திரவமே மூச்சை அடைத்துவிடும். குழந்தை வேகமாக மூச்சு வாங்குவதைப் பெரும்பாலும் முதலில் கவனிப்பவர், டிரிப்ஸைக் குறைத்துவிட்டு மருத்துவரை அழைப்பவர், செவிலியர்தான்.

ஊசி இறங்கிய இடம்

கையில் செருகும் கேனுலாவுக்கு நிறக் கணக்கு உண்டு. குழந்தைகளுக்கு மெல்லிய மஞ்சள், பிறகு நீலம், இளஞ்சிவப்பு. ரத்தமோ திரவமோ வேகமாக ஏற்ற வேண்டுமானால் பச்சை. குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால் மட்டும் போதாது, அது காய வேண்டும். பிளாஸ்டரின் மேல் தேதியும் நேரமும் எழுத வேண்டும்.

அந்த இடம் சிவந்து வலித்தால் ரத்தக் குழாய் புண்பட்டிருக்கிறது. வீங்கிச் சில்லென்றிருந்தால் திரவம் தோலுக்கடியில் இறங்குகிறது. சலைன் என்றால் பெரும்பாலும் வீக்கத்தோடு போய்விடும். வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின் போன்ற புற்றுநோய் மருந்துகள் கசிந்தால் சதையே அழுகலாம். உடனே நிறுத்தி, கேனுலாவைப் பிடுங்காமல், அதன் வழியாகவே மருந்தை உறிஞ்சி எடுக்கப் பார்க்க வேண்டும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் உடம்பு சிவந்து ரத்த அழுத்தம் சரியலாம். பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேரடியாகச் செலுத்தினால் இதயமே நின்றுவிடும். இன்ஃப்யூஷன் பம்ப் வேகத்தைக் காக்கும். ஆனால் கை வீங்குவதை அது எல்லா நேரமும் கண்டுபிடித்துவிடும் என்று சொல்ல முடியாது.

கூட இருப்பவர்களுக்கு

சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று ரோலரை நீங்களே திருகாதீர்கள். வலி, எரிச்சல், வீக்கம், குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு எது வந்தாலும் ‘சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்க’ என்று தயங்காமல் கூப்பிடுங்கள். ஸ்டாண்டில் தொங்கும் பாட்டில் தீர்ந்ததும் காற்று ஏறி உயிர் போய்விடும் என்று பலர் பதறுகிறார்கள். சாதாரணமாக அப்படி நடப்பதில்லை. டியூபில் திரவம் ஓரிடத்தில் நின்றுவிடும். ரத்தம் பின்னோக்கி ஏறி உறைந்து கேனுலா அடைபடும், மறுபடி குத்த நேரும். அதனால் தீர்வதற்குக் கொஞ்சம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி ஒரு கணக்கு. ஒரு வார்டில் 30 பேருக்கு டிரிப்ஸ் ஓடுகிறது. ஆளுக்கு இரண்டே நிமிடம் நின்று பார்த்தாலும் ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரம். இடையில் ஊசி, மாத்திரை, புது அட்மிஷன், ரெக்கார்டு எழுதுவது எல்லாம் உண்டு. ஒரே ஒரு செவிலியர் இருந்தால், அவர் எவ்வளவு அக்கறையுள்ளவராக இருந்தாலும், இரண்டாவது சுற்று வருவது எப்போது? அவர் வரவில்லை என்று கோபப்படுகிற நாம், அவரோடு இன்னும் சிலரை ஏன் நியமிக்கவில்லை என்று நிர்வாகத்திடம் கேட்பதில்லை. எத்தனை படுக்கை என்று பெருமையாகப் பலகை வைக்கிற மருத்துவமனைகள், ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை செவிலியர் என்பதையும் அதே பலகையில் எழுதட்டும். அட்மிஷன் போடும்போது நாமும் அதைக் கேட்கத் தொடங்குவோம்.